எண்ணிக்கை விட்ட இடம்

ஆழ்வார்குறிச்சி வழியாகப் போகும் முதல் பஸ்.
கடைசி சீட்டில் நாங்கள் மூன்று பேர்,
இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சாதம்,
பூலுடையானின் புது ஷூ.

சிவசைலத்தில் இறங்கும்போது
மலைக்கு இன்னும் விடிந்திருக்கவில்லை.
"பாபநாசத்துக்கு நடந்தா?" என்றார் கண்டக்டர்.
"அங்க பஸ் போகுமே" என்றும் சொன்னார்,
உண்மையான கரிசனத்தோடு.

மில்லில் நான் சைடர்.
பதினெட்டு வருஷமாக
இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே போகிறேன், வருகிறேன்.
ஷிப்டுக்குப் பதினாலு கிலோமீட்டர் என்று
ஜெபக்கனிதான் கணக்குப் போட்டுச் சொன்னாள்.
பஞ்சு பறக்கும். நூல் அறும். முடிச்சுப் போடுவேன்.
சங்கு ஊதும்போது
புறப்பட்ட இடத்திலேயே நிற்பேன்.

ஜெபக்கனி தாலுகா ஆபீஸில் சர்வேயர்.
சமதளத்தில் அவள் எட்டு அறுபத்தெட்டு சென்டிமீட்டர்,
ஏற்றத்தில் ஐம்பத்தொன்று.
நூறு எட்டு ஆனதும்
இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை
வலது பைக்குப் போகும்.
அந்த நேரம் அவளிடம் பேசக் கூடாது.
பூலுடையான் பேசுவான்.

மேடு ஏறினால் பள்ளம்,
பள்ளத்தில் இறங்கினால்
அதுவரை ஒளிந்திருந்த இன்னொரு மேடு.
ஊசிப்புல் சுடிதார் நுனியைத் தைத்துக்கொண்டே வந்தது.
இடப்பக்கம் எலுமிச்சந் தோப்புகள்,
நடுவில் கரண்டு வேலி,
வலப்பக்கம் அரசாங்கம்.
அரசாங்கத்துப் பன்றிகள் ராத்திரி வேலி தாண்டி வந்து
யாரோ ஒருவரின் மரவள்ளியைத் தோண்டிப்போட்டிருந்தன.
எல்லைக் கல் ஒவ்வொன்றையும் ஜெபக்கனி தொட்டுப் பார்த்தாள்.
ஒன்றிடம் மட்டும், "நீ தள்ளி நிக்க" என்றாள்.

ஓர் ஈரப் பாறையின் மேல் கரடி விட்டை,
முழுக்க நாவல் கொட்டை.
பூலுடையான் குச்சியால் கிளறி
"நேத்து ராத்திரிதான்" என்றான்.
அதற்கப்புறம் ஒரு மைல் தூரம்
மூன்று பேரும் சத்தமாகவே பேசினோம்,
ரேஷன் கடையைப் பற்றி,
என்னவோ கரடிக்கும் அதில் கார்டு இருப்பதுபோல.

மூன்றாவது மேட்டில்
புது ஷூ வாயைப் பிளந்தது.
என் பையில் எப்போதும் கிடக்கும் கழிவு நூல்,
நாலு பிரி முறுக்கி, குதிகாலைச் சுற்றி இழுத்து
மில் முடிச்சு ஒன்று போட்டேன்.
"தாங்குமாக்கா?"
"நட."
நடந்தான்.
நான் போட்ட முடிச்சுகளெல்லாம்
கோனில் சுற்றிக்கொண்டு லாரியேறிப் போனவை,
எந்த ஊர், யார் சட்டை, ஒன்றும் தெரியாது.
இது ஒன்றுதான்
என் கண் முன்னால் மலை ஏறியது.

உச்சி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.
மொட்டைப் பாறை, சாய்ந்த வெட்பாலை.
அதற்குமேல் ஏற மலை இருந்தது,
எங்களுக்கு அனுமதி இல்லை.
மேற்கே திரும்புவதற்குள் சாரல் வந்துவிட்டது,
வெயிலைக் கலைக்காமல்,
காது மடலில் மட்டும் குளிர்ந்தபடி.
கீழே குளங்கள், ஒன்றுக்கும் ஒன்று ஜாடையில்லாமல்.
கார் நாற்று பச்சை விட்டிருந்தது.
தூரத்தில் மில் கூரை.
ஒற்றைக் கண்ணை மூடி
கட்டைவிரல் நகத்தால் மறைத்துப் பார்த்தேன்.
மறைந்தது.
கை வலிக்கும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

பக்கத்தில் ஜெபக்கனி
கையைப் பைக்குள் விட்டபடி நின்றாள்.
"விட்டுட்டேன்" என்றாள்.
"எம்புட்டுல?"
"அதுதான் தெரியல."
திரும்பிப் போய் அந்தக் கல்லிலிருந்து எண்ணுவாள் என்று பயந்தேன்.
இரண்டு பைகளையும் கவிழ்த்துப்
பூலுடையான் கையில் கொட்டினாள்.
"வறுத்ததா?" என்று கடித்துப் பார்த்தான்.

இறக்கத்தில் முழங்கால் என்னை ஏசிக்கொண்டே வந்தது.
ஜெபக்கனி பேசினாள்,
இரண்டு வருஷத்துப் பேச்சு,
ஆபீசர், அண்ணன், வராமல் போன டிரான்ஸ்பர்,
நடுவில் ஒரு கௌதாரி எழும்பிப் பறந்ததற்கு மட்டும்
நிறுத்தினாள்.

பாபநாசம் படித்துறை. நாலு மணிச் சங்கு.
என் கால் தானாக விறைத்து, பிறகு
ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்து தளர்ந்தது.
தண்ணீரில் விட்ட பாதத்தை
மீன்கள் வந்து விசாரித்தன.

பூலுடையான் ஷூவோடு மல்லுக்கு நின்றான்.
நனைந்த முடிச்சு கல்லாகியிருந்தது.
"அறுத்து எறிங்கக்கா."
கத்தி இருந்தது என்னிடம், சாதப் பைக்குள்.
இல்லை என்று சொல்லிவிட்டேன்.